மூன்று கள்ளக் கடதாசி

தடுப்பு நிலையம், இங்கிலாந்து
12.01.2024

அன்புள்ள அக்கா,

நீங்களும் அப்பாவும் சுகம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று நேரமும் சாப்பாடு தருகிறார்கள், கட்டிலுக்கு மெத்தை இருக்கிறது.

ஒக்ரோபரில் வேலைத்தலத்தில் வைத்து என்னைப் பிடித்த செய்தி உங்களுக்கு வந்திருக்கும். விசா இல்லாதவர்களை அடைத்து வைக்கிற இடம் இது. கமரா இல்லாத சின்னப் போன் ஒன்று தந்திருக்கிறார்கள், வேண்டுமென்றால் எடுத்துக் கதைக்கலாம். எனக்குக் கதைக்க ஏலாமல் இருக்கிறது. கவலை என்று சொல்லவும் முடியாது. மனதுக்குள் ஒன்றுமே இல்லை, அதனால் வாயில் சொல் வருவதில்லை. எழுதினால் கொஞ்சம் வருகிறது. நீங்களும் எழுதுங்கள், போன் எடுக்க வேண்டாம்.

ஒரு உதவி வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஒரு தொண்டு ஆள் பெட்டி நிறையக் கடதாசி கொண்டுவருகிறார். நாங்கள் முந்நூற்றி நாலு விளையாடுகிற கடதாசி அல்ல. அநேகமானவற்றில் ஒரு மிருகமோ வீரனோ இருக்கும், அது என்ன செய்யும் என்று கீழே இங்கிலீசில் எழுதியிருக்கும். ஆளுக்கு நாற்பது பொறுக்கிச் சொந்தமாக ஒரு கட்டுச் சேர்த்து மற்றவனோடு விளையாட வேண்டும். வெளியில் இதற்குப் பெரிய போட்டிகள் நடக்கின்றனவாம். எப்படிக் கட்டுச் சேர்ப்பது என்று இன்ரநெற்றில் நிறைய எழுதியிருக்கிறார்களாம். இங்குள்ள கொம்பியூட்டரில் விளையாட்டுப் பக்கங்களை எல்லாம் பூட்டி வைத்திருக்கிறார்கள். விளையாட்டின் பெயரைத் துண்டொன்றில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நேரம் கிடைத்தால் தேடிப் பாருங்கள்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
றஜீபன்


கரம்பொன், ஊர்காவற்றுறை
08.02.2024

என் அன்புத் தம்பி றஜீபனுக்கு,

ஆண்டவரும் மாதாவும் உனக்குத் துணையிருக்கட்டும். நாங்கள் இருவரும் நடமாடித் திரிகிறோம். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு இடது கை வழங்காது, அது உனக்குத் தெரியும். மற்றபடி வாய் நன்றாக வழங்குகிறது. பின்னேரங்களில் முன் விறாந்தையில் முந்நூற்றி நாலு நடக்கிறது. கடதாசியை விரித்துப் பிடிக்க அவருக்கு ஏலாது என்று நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பிடிக்கிறேன். எதை எறிகிறது என்று கண்ணால் காட்டுவார். பிழையாக எறிந்தால் பேச்சு எனக்கு.

தடுப்பில் இருக்கிறவன் சுகம் என்று எழுதினால் நம்புவதற்கு நான் என்ன சின்னப்பிள்ளையா? நான்கு மாதமாக ஒரு சொல் இல்லை. இருக்கிறாயோ இல்லையோ என்று தெரியாமல் செபமாலையும் கையுமாக இருந்தேன். கடைசியில் கடிதம் வருகிறது, அதில் என்னை ஒரு கண்டறியாத விளையாட்டைத் தேடித் தரட்டாம். வாசித்துவிட்டு நல்லாய்ப் பேசினேன். பேசி முடித்துவிட்டுத் தேடினேன்.

ஜெகதீஸ் அண்ணையின் போட்டோக்கொப்பிக் கடையில்தான் இன்னும் வேலை. துறைமுகம் போகிற ஆட்கள் காலையில் வந்து போனால் பிறகு ஒரு ஈ காக்கை இல்லை. அந்த நேரத்தில் தேடினேன். முதலில் வந்ததெல்லாம் வீடியோ. ஒரு பெடியன் சுவிங்கத்தைச் சப்பிக்கொண்டு பெட்டி பெட்டியாக உடைத்துக் காட்டுகிறான், எப்படி விளையாடுவது என்று ஒரு சொல் இல்லை. போட்டியில் வென்றவர்களின் கட்டு என்று ஒரு பக்கம் கிடைத்தது. அதில் இருக்கிறதெல்லாம் போன வருடம் வந்த கடதாசி. உங்கள் தொண்டு ஆள் கொண்டுவருவது யாரோ வளர்ந்த பிள்ளை கழித்துவிட்டதாக இருக்கும். பிறகு ஒரு பழைய கருத்துக்களம் கண்டுபிடித்தேன். பாழடைந்து கிடக்கிறது, ஆனால் ஒரே ஒருவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயர் கிழட்டு நரி. என் இங்கிலீசில் எழுதிக் கேட்டேன். கடதாசியின் கீழ் மூலையில் சின்ன அடையாளம் ஒன்று இருக்குமாம், அது என்ன என்று சொன்னால்தான் எந்த வருடத்துக் கடதாசி என்று தெரியுமாம். பார்த்து எழுது. உன்னிடம் இருக்கிற நாற்பதின் பெயரையும் எழுது.

நன்றாகச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு.

அக்கா ஜெனீற்றா


தடுப்பு நிலையம்
02.03.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. நீங்கள் பேசியதும் சேர்ந்தது. நான் சுகம். இரவில் நித்திரை குறைவு, வேறு ஒன்றுமில்லை.

மூலையில் இருப்பது நங்கூரம். என் கட்டின் விபரம் மறு பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் பெரிய மிருகங்கள், பார்க்க நல்லது என்று எடுத்தேன். இதுவரை ஒன்றும் வெல்லவில்லை. பெரும்பாலும் யோனாசோடு விளையாடுகிறேன். எரித்திரியாக்காரன், என் வயதுதான், பக்கத்து அறை. அவன் என்னை வெல்லும்போது மன்னிப்புக் கேட்கிறான்.

நீங்கள் கேட்காவிட்டாலும் வழக்கைப் பற்றி எழுத வேண்டும். மேன்முறையீடு வருடக் கடைசியிலோ தை மாதமோ வரும். வென்றால் வெளியே விடுவார்கள், இங்கே இருக்கலாம். தோற்றால் விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள். என் பக்கத்தில் பெரிய ஆதாரம், 2012இல் ஆமி என்னைக் கொண்டுபோய் வைத்திருந்தது உண்மை என்று எங்கள் கோயில் பாதர் எழுதித் தந்த கடிதம். பாதர் மோட்சம் போய்விட்டதால் இனி வேறு யாரும் அதை எழுதித் தர ஏலாது. அந்த ஒரு கடிதத்தில்தான் எல்லாம் நிற்கிறது என்று வழக்கறிஞர் சொன்னார்.

அவர் சொல்லும்போது நான் அவருடைய கழுத்து ரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

அப்பாவுக்கு என் அன்பு.

றஜீபன்


கரம்பொன்
11.04.2024

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு. பெருநாள் பூசைக்கு அப்பாவை ஓட்டோவில் கூட்டிப் போனேன். திரும்பி வந்து ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் ஒரு பிடி பிடித்தார். உன் பங்கையும் சேர்த்துத்தான்.

நங்கூரம் போட்டது 2011ஆம் ஆண்டில் வந்த தொகுதியாம். கிழட்டு நரி உன் கட்டைப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்துக்குச் சிரிப்பு முகம் போட்டு அனுப்பினார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அவர் சொன்னது சரி என்று விளங்கியது. மூலையில் இருக்கிற இலக்கத்தைப் பார். ஏழு என்று இருந்தால், வலு மட்டும் தருகிற வலுக் கடதாசி ஏழைக் கீழே வைத்த பிறகுதான் அந்த மிருகத்தை இறக்கலாம். ஒரு முறைக்கு ஒன்றுதான் வைக்கலாம். நீ ஏழாவது முறைக்கு வருமுன்னம் யோனாஸ் உன்னைத் தின்று ஏப்பம் விட்டுவிடுகிறான். கை நிறையப் பெரிய மிருகத்தை வைத்துக்கொண்டு நீ செத்துப்போகிறாய். ஆசைக்கு அளவு வேண்டாமா?

அந்த மனிதன் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது. நீ எப்படி வெல்லப் போகிறாய் என்பதை ஒரு வசனத்தில் சொல்ல வேண்டுமாம். சொல்ல ஏலாவிட்டால் அது கட்டு இல்லை, வெறும் கும்பல். உனக்காக நான் ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன்: "சின்னதுகளை முதலில் இறக்கி, மற்றவன் இறக்குவதை எல்லாம் அவன் கைக்கே திருப்பி அனுப்பி, அவன் களைக்கும்வரை நிற்பது." அந்தத் தொகுதியில் இப்படி ஒரு கட்டு அந்தக் காலத்துப் போட்டிகளில் ஓடியிருக்கிறது. முழு விபரமும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். வலுக் கடதாசி பதினாறு, அதில் குறைக்காதே. பெரிய மிருகம் இரண்டுக்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் என்ன கட்டு வைத்திருக்கிறார்கள் என்று கவனித்து எழுது, அதைப் பார்த்துத்தான் மிச்சத்தை மாற்ற வேண்டும்.

முந்நூற்றி நாலில் வந்த கையை வைத்துத்தான் ஆடுகிறோம். இதில் என்ன வரப்போகிறது என்பதையே நாங்கள் முதலில் தீர்மானிக்கலாம். எனக்கே ஆசை வந்துவிட்டது.

நடு அறைக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டேன். இனி ஒழுகாது.

அன்புடன்,
அக்கா


தடுப்பு நிலையம்
09.05.2024

அன்புள்ள அக்கா,

வீட்டில் சுகமாக இருப்பீர்கள். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. எனக்குச் சுகம்.

நீங்கள் அனுப்பியபடி கட்டைப் பிரித்துத் திரும்பச் சேர்த்தேன். போன வெள்ளி விளையாடியதில் பாதிக்கு மேல் வென்றேன். யோனாஸ் உங்கள் பிரிண்டை வாங்கி வாசித்துவிட்டு, உன் அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டான். போட்டோக்கொப்பிக் கடை என்றேன். நம்பவில்லை. இப்போது எல்லாரும் வாசிக்கட்டும் என்று அந்தத் தாள்களைக் கடதாசிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். மற்றவர்களின் கட்டு விபரம் மறு பக்கத்தில்.

வெல்லும்போதும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் விளையாடும் நேரத்தில் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதியதைப் பற்றி யோசித்தேன். எப்போது எழும்புவது, எப்போது சாப்பிடுவது, எப்போது கதவு திறப்பது எல்லாம் இங்கே அவர்கள் தீர்மானிக்கிறார்கள். இந்த நாற்பதை மட்டும் நான் தீர்மானிக்கிறேன்.

அந்தக் கட்டுக்கு முக்கியமானது 'ஓடக்காரன்' என்ற கடதாசி. மற்றவனின் மிருகத்தை ஏற்றிக்கொண்டுபோய் அவன் கையிலேயே விட்டுவிடுவான். யோனாஸ் அதற்கு 'இமிகிரேசன்' என்று பெயர் வைத்திருக்கிறான். அதில் மூன்று வேண்டும், எங்கள் பெட்டியில் ஒன்றும் இல்லை. இல்லாததை அச்சடித்து வைத்து விளையாடலாம் என்று எல்லாரும் சம்மதித்திருக்கிறார்கள். உங்களால் முடியுமா?

அப்பாவைக் கோபிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

றஜீபன்


கரம்பொன்
06.06.2024

என் தம்பிக்கு,

நீ சுகமே இருக்க அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து எழுதுகிறேன். எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. சோளகக் காற்றுத் தொடங்கி வீடெல்லாம் புழுதி.

நீ கேட்ட மூன்று கள்ளக் கடதாசி இதற்குள் இருக்கிறது. ஜெகதீஸ் அண்ணைதான் கலரில் அடித்துத் தந்தவர். அசலைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறோம். பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டி, நான்கு மூலையையும் வட்டமாக வெட்டியது நான். உன்னிடம் இருக்கிற அசலோடு கலந்து வை, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. முதலே காட்டிவிடாதே. கடைசி நேரம்வரை கையில் வைத்திரு. ஓடக்காரன் மூன்று பேரும் இருந்தால் நீ வென்ற மாதிரித்தான். தேவையென்றால் சொல்லு, இன்னும் அடிக்கலாம், மிசின் இங்கே சும்மாதானே கிடக்கிறது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபிக்காதே. நடு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அம்மாவின் அலுமாரியை அங்கே வைத்து, யன்னலுக்குச் சீலை போட்டிருக்கிறேன். உனக்குத்தான். வழக்குத் தோற்றால் தோற்கட்டும் றஜீபன், வா. பன்னிரண்டு வருடம் போதும். எனக்கு முப்பத்தேழு வயது. அப்பாவைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, கடதாசி பிடித்து, கடைக்குப் போய் வந்து, பேச ஒரு சகோதரம் இல்லாமல் இருக்கிறேன். இப்போது காலம் மாறிவிட்டது. பாலத்தடியில் முன்னைப்போல ஆமி மறிப்பதில்லை. நீ வந்தால் எனக்குச் சந்தோசம். அதை மறைக்க ஏலாது.

அன்புடன்,
அக்கா


தடுப்பு நிலையம்
04.07.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன். நான் இருக்கிறேன்.

கடிதம் வந்தது, கடதாசி மூன்றும் வரவில்லை. பிளாஸ்ரிக் ஒட்டிய எதையும் உள்ளே விடமாட்டார்களாம், உடைத்துப் பார்த்த இடத்திலேயே எறிந்துவிட்டார்கள். தாளில் மட்டும் அடித்திருந்தால் விட்டிருப்பார்கள். பரவாயில்லை.

அறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். என்னைப் பண்ணைப் பாலத்தடியில் பஸ்சால் இறக்கிக் கொண்டுபோனார்கள். பாதர் அலைந்து திரிந்து எடுத்துவிட ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. அங்கே நடந்ததை நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இப்போதும் எழுத ஏலாது. திரும்பி வந்து வீட்டில் இருந்த மாதங்களில், ஒழுங்கையில் வான் சத்தம் கேட்டால் நான் குசினிக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டதை எல்லாம் சத்தி எடுப்பேன். நீங்கள் வயிற்றுக்குள் ஏதோ என்று கொத்தமல்லி அவித்துத் தந்தீர்கள். நானும் குடித்தேன்.

காலம் மாறியிருக்கும். நீங்கள் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்தப் பாலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சத்தி வருகிறது. மற்ற எதற்கும் ஒன்றும் வருவதில்லை, இதற்கு மட்டும் வருகிறது. அங்கே வந்து நான் உயிரோடு இருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை அக்கா. யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் இருக்கமாட்டேன்.

அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

றஜீபன்


கரம்பொன்
19.08.2024

தம்பிக்கு,

அப்பா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. தினமும் பேனை எடுத்தேன். கொத்தமல்லிக்கு மாறும் என்றுதான் நினைத்தேன், றஜீபன். எனக்கும் உன்னைப் போல ஆகிவிட்டது போல. கடைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். பூசையில் முழங்காலில் நிற்கிறேன், வாய் மட்டும் சொல்கிறது.

ஓடக்காரன் இல்லாமல் கட்டை எப்படி ஓட்டுவது என்று கிழட்டு நரியைக் கேட்டேன். அவனுக்குப் பதிலாக 'அலைக்காரி' என்று ஒன்று இருக்கிறதாம், ஒரு இலக்கம் பாரம் கூட, ஆனால் அதே வேலை செய்யுமாம். உங்கள் பெட்டியில் தேடிப் பார். இருந்தால் இரண்டு போடு, பெரிய மிருகத்தில் ஒன்றை எடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


தடுப்பு நிலையம்
03.10.2024

அன்புள்ள அக்கா,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு நல்லது.

இதை மெதுவாக வாசியுங்கள். ஆவணி மாதக் கடைசியில் அறைகளைச் சோதித்தார்கள். நீங்கள் ஆனி ஆறாம் திகதி எழுதிய கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். அதை எடுத்துப் போய் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் இந்தியத் தமிழராம். விளையாடுகிற கடதாசியை அவர்கள் சீட்டு என்பார்கள், கடதாசி என்றால் அவர்களுக்குத் தாள், பத்திரம். கள்ளக் கடதாசி என்பதைப் போலி ஆவணம் என்று எழுதிவிட்டார். மூன்று போலி ஆவணங்களை அக்கா அனுப்பியிருக்கிறார், அசலோடு கலந்து வைக்கச் சொல்கிறார், கடைசி நேரம்வரை காட்டவேண்டாம் என்கிறார், இன்னும் அச்சடிக்க மிசின் இருக்கிறது என்கிறார். ஓடக்காரன் மூன்று பேர் என்றது ஆட்களைக் கடத்துகிறவர்களாம். நான் வாசித்தேன் அக்கா. அவர் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

இப்போது பாதரின் கடிதமும் அந்த மிசினில் அடித்தது என்கிறார்கள்.

வழக்கறிஞர் சொன்னது இதுதான். நீங்கள் அங்கே ஒரு சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, அது விளையாட்டுக் கடதாசி என்று விளக்கி அனுப்ப வேண்டும். அத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. அதே கடிதத்தில் அறை இருக்கிறது, வா என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் வீடும் பார்க்க ஆளும் உள்ளவன், போனால் ஒரு குறையும் இல்லை என்பதற்கு அதையே எடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் விளக்கத்தை நம்பினால் அந்த அறையையும் நம்புவார்கள். ஊரில் இவரை ஏற்க ஒருவரும் இல்லை என்பது உண்மையானால் அதையும் அக்கா எழுதலாம் என்றார். பொய் எழுதச் சொல்லவில்லை. அவ்வளவுதான் சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

நான் உங்களைக் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன்.

யோனாசைப் போன செவ்வாய் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள். அவன் கட்டு அறையில் மேசைமேல் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

றஜீபன்


கரம்பொன்
04.11.2024

என் தம்பி,

கடவுள் உன்னோடு இருக்கட்டும், என்னோடு இருக்கிறாரோ தெரியாது. அப்பாவுக்குச் சளி, மருந்து எடுத்தோம். முந்தாநாள் மரித்தவர்களின் நாளுக்கு அம்மாவின் குழியில் விளக்கு வைத்துவிட்டு வந்தேன். அங்கே நின்று யோசித்தும் ஒன்றும் முடிவாகவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோதாரி விழுந்த ஒரு சொல். இந்தத் தீவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும் கடதாசி என்றால் என்ன என்று. வட்டமாக மூலை வெட்டி, தடிக்க வேண்டுமென்று பிளாஸ்ரிக் போட்டு, நானே என் கையால் செய்த வினை. அதை அப்படியே தாளில் அனுப்பியிருந்தால் அவர்கள் படத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

முதல் பாதியை எழுதுவதற்கு எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, அது உண்மை. மற்றது? சத்தியக் கடதாசி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். வேதப்புத்தகத்தில் கையை வைத்து, என் தம்பிக்கு இங்கே ஒருவரும் இல்லை என்று சொல்ல வேண்டும். அறையைப் பூட்டி வைத்துவிட்டுப் போய் அறை இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எந்த முகத்தோடு நாக்கை நீட்டி நன்மை வாங்குவேன்? எனக்கு உன்மேலும் கோபம், கேட்கவில்லை என்று எழுதுகிறாய். கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்டால் முடியாது என்று சொல்லவாவது ஏலும்.

இங்கே சமாதான நீதவானாக இருக்கிற ஜே.பி. தம்பிஐயா அண்ணை அப்பாவோடு கடதாசிக்கு வருகிறவர். உன் அறைக்கு அலுமாரியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியவரும் அவர்தான். கேற்றடியில் வைத்து அவரிடம் எல்லாம் சொன்னேன். சைக்கிளைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "பிள்ளை, நீர் என்ன எழுதிக்கொண்டு வந்தாலும் நான் வாசிக்க மாட்டன். கையெழுத்து வைக்கிற இடத்தைக் காட்டும், வைக்கிறன்." அன்றைக்கு விளையாட உள்ளே வரவில்லை. அப்படியே போய்விட்டார்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. உனக்கு எதுவும் வாக்குத் தரமாட்டேன்.

அக்கா


தடுப்பு நிலையம்
20.11.2024

அன்புள்ள அக்கா,

அப்பாவின் சளி மாறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம்.

விடுங்கள் அக்கா. கடதாசியைப் பற்றி மட்டும் எழுதி அனுப்புங்கள், மற்றது வேண்டாம். உங்களுக்கு நன்மையும் கோயிலும்தான் இருக்கிறது, அதையும் நான் எடுக்கக் கூடாது. அனுப்பினால் வருகிறேன். வந்த பிறகு நடப்பது நடக்கட்டும். இதை எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதனால் நீங்களும் கவலைப்பட வேண்டாம்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான் போவதில்லை. என் கட்டைப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

தை பதினாறு வழக்கு. உங்கள் கடிதம் வந்தால் வாசிப்பேன்.

றஜீபன்


சத்தியக் கடதாசி

யாழ்ப்பாண மாவட்டம், ஊர்காவற்றுறை, கரம்பொன்னில் வசிப்பவளும் றோமன் கத்தோலிக்க சமயத்தவளுமாகிய இன்னாசித்தம்பி ஜெனீற்றா ஆகிய நான், பரிசுத்த வேதாகமத்தின்மீது கை வைத்துச் சத்தியம் செய்து கூறுவதாவது:

தங்கள் நாட்டில் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் இன்னாசித்தம்பி றஜீபன் என்பவர் என் உடன்பிறந்த சகோதரர்.

06.06.2024 அன்று நான் அவருக்கு எழுதிய கடிதத்தில் உள்ள 'கள்ளக் கடதாசி' என்பது விளையாட்டுக்குப் பயன்படும் படக் கடதாசிகளின் அச்சுப் பிரதிகளாகும். எங்கள் பகுதியில் சீட்டைக் கடதாசி என்றே சொல்வோம். 'ஓடக்காரன்' என்பது அக்கடதாசி ஒன்றின் பெயர். அச்சடித்த மூன்றின் பிரதியையும், விளையாட்டின் விதிகளையும் இத்துடன் இணைத்துள்ளேன். எந்த ஆவணமும் என்னாலோ நான் வேலை செய்யும் கடையிலோ போலியாக ஆக்கப்படவில்லை. எங்கள் பங்குத்தந்தையாக இருந்தவர் எழுதிய கடிதம் அவரது சொந்தக் கையெழுத்தில் உள்ளது. அவர் அதை எழுதும்போது நான் அருகில் இருந்தேன்.

அதே கடிதத்தில் மேற்படி றஜீபனை வீட்டுக்கு வருமாறு எழுதியிருந்தேன். அது முகத்தாட்சணியத்துக்காக எழுதியது. இந்த வீட்டில் அவருக்கென்று அறை இல்லை. நான் குறிப்பிட்ட அறை நெல்லும் சாமான்களும் வைக்கும் அறை.

எங்கள் தகப்பனார் நோயாளி. மகனைப் பற்றி அவர் விசாரிப்பதில்லை.

மேற்படி றஜீபன் இந்த ஊரை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. அவர் திரும்பி வருவதை நான் விரும்பவில்லை. வந்தால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அவரை ஏற்கக்கூடிய வேறு உறவினரும் இங்கு இல்லை.

அவருக்கும் எனக்கும் இனித் தொடர்பு எதுவும் இருக்காது. இன்று முதல் அவருக்குக் கடிதம் எழுத மாட்டேன். அவர் எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

இவை யாவும் உண்மை. ஆண்டவர் எனக்குச் சாட்சி.

இ. ஜெனீற்றா
04.12.2024